சானல் கரையில் சைக்கிள் ஓட்ட வழிவிட்டவர்களுக்கு நன்றி

தேரூர், சுசீந்திரம், மணக்குடி பக்கத்து ஊர்களில் இருக்கும் அன்பானவர்களுக்கு,

இந்த மார்கழியிலும் தையிலும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் பிள்ளைகள் நாகர்கோவிலிலிருந்து வந்து உங்கள் சானல் (பாசனக் கால்வாய்) கரைகளில் சைக்கிள் ஓட்டினார்கள். வேனுக்கு ஒதுங்காமல், லாரி ஹாரனுக்குப் பதறாமல், பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓட்டினார்கள். அதற்கு இடம் கொடுத்தது நீங்கள். பலரை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டோம். ஆனாலும் ஊரறியச் சொல்வதுதான் முறை என்று இந்த மடலை எழுதுகிறேன்.

கார்த்திகை பிறந்துவிட்டால் நம் ரோடுகள் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சபரிமலைக்குப் போய்விட்டு அப்படியே கன்னியாகுமரி பார்க்க வரும் வண்டிகள் தை வரைக்கும் ஓயாது. பெரியவர்களே ரோட்டைக் கடக்கக் கைகாட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற சைக்கிள் எத்தனையோ வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்து நிற்கிறது. பிள்ளைக்கு ஓட்டத் தெரியும். ரோட்டில் விடத்தான் வீட்டில் யாருக்கும் தைரியம் வருவதில்லை. என் மகளின் சைக்கிளும் அப்படித்தான் நின்றது.

இதற்கு ஒரு வழி சொன்னவர் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் வேலை பார்க்கும் நம் ஊர் அண்ணன் ஒருவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிரிஸ்டலுக்கும் பாத் நகரத்துக்கும் நடுவில் ரயில் ஓடி நின்றுபோன பாதை ஒன்று இருக்கிறதாம். தன்னார்வலர்கள் முன்னின்று 1979 முதல் 1986 வரை கொஞ்சம் கொஞ்சமாக அதைச் சைக்கிளுக்கும் நடைக்கும் உரிய பாதையாக மாற்றியிருக்கிறார்கள். சுமார் 21 கிலோமீட்டர். ரயில் போன குகைக்குள்ளேயே இப்போது சைக்கிள் போகிறது. 1960களில் அந்த நாட்டில் ஆயிரக்கணக்கான மைல் ரயில் பாதைகளை மூடினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்த இடங்களில் புல்லும் புதரும் மண்டி, பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் வந்து சேர்ந்தன. லண்டன் நகரத்துக்குள்ளேயே பார்க்லேண்ட் வாக் என்ற பழைய ரயில் பாதை இன்று இயற்கைக் காப்பிடமாக இருக்கிறது. இதையெல்லாம் அவர் போனில் படம் காட்டிச் சொன்னபோது எங்களுக்கு ஏக்கமாகத்தான் இருந்தது. கைவிட்ட ரயில் பாதைக்கு நாம் எங்கே போவது? நம் மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979இல். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பாதை போட்டது 1981இல். இருக்கிற ஒரு பாதையை இரட்டையாக்கவே இத்தனை காலம் ஆகிறது.

அதற்கு அண்ணன் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். “ரயிலுக்கு ஏத்தம் ஆகாது. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறணும்னாலே இஞ்சின் மூச்சு வாங்கும். அதனாலதான் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, சமமா போட்டு வச்சிருக்கான். சின்னப் பிள்ளையும் வயசானவரும் சைக்கிள் மிதிக்க அந்தச் சமந்தான் வேணும். ரயில் இல்லைன்னா என்ன? நம்ம ஊர்ல தண்ணி போற வழி இருக்குல்லா?”

அன்றைக்குப் பிறகு சானலை நாங்கள் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. ரயிலைவிடத் தண்ணீர் இன்னும் கண்டிப்பானது. ஒரு சாண் மேடு இருந்தாலும் நின்றுவிடும், சரிவு கூடினால் கரையை அரித்துவிடும். அதனால் மெல்ல மெல்லத்தான் இறக்கிக் கொண்டுவர வேண்டும். பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்தது 1906இல். அதைக் கட்டிய மிஞ்சின் துரையின் கல்லறை இன்றும் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து வரும் தண்ணீரும் பெருஞ்சாணி அணைத் தண்ணீரும் புத்தன் அணைக்கு வந்து, தோவாளை சானல், அனந்தனார் சானல், நாஞ்சில் நாட்டுப் புத்தனார் சானல் என்று பிரிந்து, மலையடிவாரத்தைச் சுற்றி வளைந்து வளைந்து நம் குளங்களுக்கும் பத்துகள் என்கிற வயல்வெளிகளுக்கும் வந்து சேர்கிறது. மேற்கே மாத்தூரில் பள்ளத்தாக்கு குறுக்கிட்டபோது, ரயிலுக்குக் கட்டுவதுபோலவே வானளாவத் தூண் நிறுத்தி, தொட்டிப் பாலத்தின் மேல் தண்ணீரை நடத்திப் போனார்கள். இந்தச் சமத்தை நமக்காக என்றோ யாரோ அளந்து வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் தெரியாத கொத்தனார்களுக்கும் மண் சுமந்தவர்களுக்கும் முதலில் ஒரு கும்பிடு.

அடுத்து, பணி ஓய்வு பெற்ற லஸ்கர் பாட்டா. ஷட்டர் திறந்து மூடுவதும் கரை பார்ப்பதுமாகவே வாழ்நாளைக் கழித்தவர். எங்களோடு முதலில் நடந்தே வந்தார். எந்தக் கரையில் ஓட்ட வேண்டும் என்பதே எங்களுக்கு அவர் சொல்லித்தான் தெரியும். சரிவை ஒட்டிப் போகிற சானலில் மேட்டுப் பக்கம் கரை என்று தனியாக ஒன்று இருக்காது. பள்ளத்துப் பக்கம்தான் மண் கொட்டி உரமாகக் கட்டியிருப்பார்கள், ஆட்கள் நடந்து பார்ப்பதற்கும் அந்தப் பக்கமே வழி விட்டிருப்பார்கள். நண்டு வளை எங்கே இருக்கிறது, பெருச்சாளி எங்கே குடைந்திருக்கிறது, மழைக்குப் பிறகு எந்த இடம் உள்வாங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் கையில் சுண்ணாம்புச் சட்டியோடு போய் ஆபத்தான இடங்களில் கோடு போட்டு வைத்தார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. முழங்கால் வலியோடு போனார் என்று பிறகு அவர் பேத்தி சொல்லித்தான் தெரிந்தது. பாட்டா, உங்களுக்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

பத்துகளில் பயிர் வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களிடம் அனுமதி கேட்கப் போனபோது எங்களுக்கு உள்ளூரத் தயக்கம் இருந்தது. கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெற்பயிர் நிற்கிற நேரம். கரை வழியாகத்தான் உரமூட்டை போகும், களையெடுக்கப் பெண்கள் போவார்கள். அவர்கள் வேலைக்கு நடுவில் எங்கள் பிள்ளைகளின் விளையாட்டு. ஒரு பெரியவர் மட்டும், “பிள்ளைய வரட்டும். ஆனா வரப்புல இறங்கப்பிடாது, மடையில கை வைக்கப்பிடாது” என்று கறாராகச் சொன்னார். சரி என்றோம். தலையில் சுமையோடு யார் வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்பது என்று பிள்ளைகளும் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த வாரம் போனால், கிளை வாய்க்காலின் மேல் ஒற்றைத் தென்னந்தடி கிடந்த இடத்தில் இன்னொரு தடியும் போட்டு, நடுவில் பலகை அடித்திருந்தது. போட்டவர் அதே பெரியவர்தான். சொந்தத் தோப்புத் தடி, சொந்தப் பலகை. கூலி கொடுக்கப் போன எங்களைத் திட்டியே அனுப்பிவிட்டார்.

படித்துறைகளில் குளிக்கவும் துணி துவைக்கவும் வரும் அக்காமார்களையும் மதினிமார்களையும் மறந்தால் இந்த மடலுக்கு அர்த்தமில்லை. சானல் கரை உங்களுக்கு வீட்டின் ஒரு பகுதி. அந்த வழியாக ஊர் பேர் தெரியாத பிள்ளைகள் கூட்டமாகப் போனால் சங்கடம்தான். முன்கூட்டியே பேச வந்த எங்களிடம், “ஏழரைக்கு மேல வாங்க மக்களே, அதுக்குள்ள நாங்க குளிச்சு முடிச்சிருவோம். மணியடிச்சிட்டு வரணும், கேட்டியளா?” என்று சிரித்துக்கொண்டே வழி சொன்னீர்கள். அதன்படி விடியற்காலையில் குளத்தங்கரை, ஏழரைக்குப் பிறகு சானல் என்று வரிசையை வைத்துக்கொண்டோம். பறவை பார்ப்பதற்கும் அந்த வரிசைதான் தோதாக அமைந்தது.

ஒரு ஞாயிறு, வளைவில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் சைக்கிளோடு சானலில் சறுக்கிவிட்டான். தண்ணீர் பெரியவர்களுக்கு இடுப்பளவு இருந்திருக்கும், ஆனால் இழுப்பு பலமாக இருந்தது. எதிர்க்கரையில் பல் தேய்த்துக்கொண்டு நின்ற ஒரு தம்பி, பிரஷைக்கூட வாயிலிருந்து எடுக்காமல் குதித்தார். பையனைத் தூக்கிக் கரையில் விட்டுவிட்டு, திரும்பவும் இறங்கிச் சைக்கிளையும் இழுத்து வந்தார். அவருடைய செருப்பு தண்ணீரோடு போயிற்று. புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். வாங்கிக்கொள்ள மறுத்து, எங்களுக்குக் கட்டன்சாயா கொடுத்து அனுப்பினார். அதோடு நிற்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் தன் நண்பர்களைக் கூட்டி, கயிறும் காற்றடித்த லாரி டியூபுமாக வளைவுகளில் காவல் நின்றார். அந்தப் பையனின் அம்மா இதை எழுதச் சொல்லும்போதே அழுதுவிட்டார்.

பறவைகளை எங்களுக்குக் காட்டித் தந்தவர் விலங்கியல் படிக்கும் கல்லூரித் தங்கை ஒருவர். சுசீந்திரம், தேரூர் குளங்களும் மணக்குடிக் கழிமுகமும் 2015இல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டதையும், 2022இல் சுசீந்திரம் தேரூர் ஈரநிலம், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததையும் அவர் சொல்லித்தான் பிள்ளைகள் தெரிந்துகொண்டார்கள். தினமும் பஸ்ஸில் கடந்துபோகிற குளத்துக்கு உலக அளவில் ஒரு மதிப்பு உண்டு என்பது அவர்களுக்குப் பெரிய ஆச்சரியம். நீளவால் இலைக்கோழியைத் தாமரை இலைமேல் காட்டியதும், “அக்கா, வாலைக் காணோமே?” என்று என் மகள் கேட்டாள். முட்டையிடும் பருவத்தில்தான் அந்த நீண்ட வால், பிறகு அது உதிர்ந்துவிடும் என்றார். கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, நெடுங்கால் உள்ளான், மீசை ஆலா என்று பிள்ளைகளின் நோட்டு நிறைந்தது. குளத்துக்கு நூறடி முன்னாலேயே சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்து போக வேண்டும், மணியடிக்கக் கூடாது, வலசை வந்த பறவை இரை எடுக்கும்போது அதைக் கிளப்பிவிட்டால் ஊர் திரும்புவதற்கான தெம்பு குறையும் என்று அவர் சொன்னதை, இப்போது பிள்ளைகள் எங்களுக்குத் திரும்பச் சொல்கிறார்கள். குளத்தில் தாமரை பறித்துத் தோவாளைச் சந்தைக்கு அனுப்பும் அண்ணன் தாமரைக்காய் பறித்துக் கொடுத்து, கொட்டையை உரித்துத் தின்னச் சொன்னதும் அங்கேதான்.

பஞ்சர் கடை அண்ணனுக்கும் நன்றி. உடைமுள் ஏறிய டியூபுகளுக்கு ஒட்டுப் போட்டே அவருக்குப் பல ஞாயிறுகள் போயின. மாடிப்படிக்கு அடியில் கிடந்த சைக்கிள்களைத் துடைத்து, செயின் மாற்றி, பிரேக் கட்டை போட்டு ஓடவைத்தவரும் அவரே. சாமான் விலை மட்டும் வாங்கினார். மட்டிப்பழக் குலையையும் ரசவடையையும் பிள்ளைகளுக்கென்று எடுத்து வைத்த டீக்கடைப் பாட்டிக்கு, பிள்ளைகளே தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள்.

இன்னும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கரைகளுக்குத் தார் போட்டால் சைக்கிளுக்கு நன்றாக இருக்குமே என்று சிலர் அன்போடு சொன்னார்கள், மனு எழுதித் தரவும் முன்வந்தார்கள். அந்த அன்புக்கு நன்றி, ஆனால் எங்களுக்கு அது வேண்டாம். தார் விழுந்தால் அடுத்த மாதமே அது குறுக்குவழி ஆகிவிடும், கார் வரும். காரைத் தடுக்கக் குத்துக்கல் நட்டால் வயலுக்கு டிராக்டர் போக முடியாது. பிரிஸ்டலில் ரயில் நின்றுபோனதால் அந்தப் பாதை சைக்கிளுக்குக் கிடைத்தது. இங்கே தண்ணீரும் ஓடுகிறது, விவசாயமும் நடக்கிறது, பறவையும் வருகிறது. நாங்கள் அதற்கெல்லாம் பிறகு வந்தவர்கள். பள்ளம் விழுந்த இடத்தில் சரள் கொட்டினால் போதும், அந்த வேலைக்கு நாங்களே மண்வெட்டியோடு வருகிறோம்.

பிப்ரவரி முடிந்தால் சானல் அடைத்துவிடுவார்கள், மாசியில் அறுவடை. இனி அறுப்பு மெஷினும் வைக்கோல் வண்டியும் போக வேண்டிய கரை என்பதால் பிள்ளைகளை நிறுத்திவிட்டோம். ஜூனில் தண்ணீர் விட்டு, கன்னிப்பூ என்கிற முதல் போக நடவு முடிந்த பிறகு உங்களிடம் திரும்பவும் அனுமதி கேட்டு வருவோம். அதுவரைக்கும் சரிசெய்த சைக்கிள்களில் சில பஞ்சர் கடையில்தான் நிற்கும். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாருக்காவது ஓட்டிப் பழக வேண்டுமென்றால் அண்ணனிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளட்டும். வாடகை கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கு சீட்டை இறக்கித் தரும்படி அவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
சைக்கிள் பிள்ளைகளின் பெற்றோர் சார்பில், ஒரு தாய்
நாகர்கோவில்