டெல்டா வரைபடம் பற்றி

அன்புள்ள செல்வம்,

செயற்கைக்கோள் படங்களிலிருந்து நீ போட்ட காவிரி டெல்டா நிலப்பயன்பாட்டு வரைபடம் கிடைத்தது. 1991-க்கும் 2020-க்கும் நடுவில் நாகை பக்கம் இவ்வளவு வயல் தரிசாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறாய். பயப்படாதே, அதில் பெரும்பகுதி தரிசே இல்லை. பழைய படம் ஜனவரி நடுவில் எடுத்தது. சம்பா வயலில் நிற்கிறது. புதியது மார்ச், அறுத்த தாளும் வெடித்த களிமண்ணும்தான் தெரியும். உளுந்து தெளித்த வயல் மட்டும் பச்சையாக இருக்கும்.

வருடத்துக்கு ஒரு படம் என்பது டெல்டாவுக்கு ஒத்துவராது. ஆகஸ்டில் குறுவைக்கு ஒன்று, ஜனவரியில் சம்பா, தாளடிக்கு ஒன்று, மே மாதம் ஒன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம். லேண்ட்சாட் செயற்கைக்கோளின் படங்களை நம்ப முடியாது. 2014-க்குப் பிறகு, மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் கைகொடுக்கும். தண்ணீர் கட்டி நட்ட வயல் அதில் கறுப்பாக விழுந்து, பயிர் எழ எழ வெளுத்துவரும். இறால் குட்டை கறுப்பாகவே கிடக்கும்.

இறால் குட்டையை அடையாளம் காண மே மாத லேண்ட்சாட் படம்தான் சரி. ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறக்கும்வரை வயலில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது. படத்தில் ஒவ்வொரு ஒளி அலைவரிசையும் தனித்தனிப் பட்டையாக இருக்கும்; பச்சைப் பட்டையின் மதிப்பிலிருந்து குறுஅலை அகச்சிவப்புப் பட்டையின் மதிப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகு. பூஜ்யத்துக்கு மேல் வருவது தண்ணீர். இறால் பிடித்து வடித்துக் காயப்போட்ட குட்டை அன்றைக்குத் தப்பிவிடும் என்பதால் ஏப்ரல், மே படங்கள் நாலைந்தை அடுக்கி, ஒன்றில் தண்ணீர் இருந்தாலும் சேர்த்துக்கொள். வேதாரண்யம் உப்பளமும் குட்டை மாதிரியே தெரியும் என்பதால், அதைக் கையால் வரைந்து முதலிலேயே வெட்டிவிடு. கம்ப்யூட்டருக்குப் பாடம் எடுப்பதைவிட அது சுலபம்.

2003 மே 31-க்குப் பிந்தைய லேண்ட்சாட்-7 படங்களில் கோடு கோடாக இடைவெளி விழும். 2011 வரை லேண்ட்சாட்-5 போதும்.

லேண்ட்சாட் படத்தின் ஒரு புள்ளி, அதாவது 30 மீட்டர் பிக்சல் ஒன்று, நம் கணக்கில் 22 சென்ட். தென்னந்தோப்புக்குள் இருக்கும் வீடு தோப்பாகத்தான் பதிவாகும். 2020-க்கு மட்டும் 10 மீட்டர் பிக்சல் உள்ள சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் எடுத்தாயானால், முன்பே இருந்த வீடெல்லாம் புதிதாகக் கட்டியதுபோல் வந்து நிற்கும். அதையும் 30 மீட்டருக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிடு.

இரண்டு படத்துக்கும் தலா 85 சதவீதத் துல்லியம் என்று எழுதியிருக்கிறாய். பிழைகள் தனித்தனியானவை என்றால், இரண்டிலும் சரியாக இருப்பது 72 சதவீதம்தான். ஐந்து சதவீத மாற்றம் அந்தப் பிழைக்குள் காணாமல் போய்விடும். ‘மாறியது’ என்று வந்த இடங்களில் தனியாகப் புள்ளிகள் எடுத்து, கூகுள் எர்த்தின் பழைய படங்களோடும் 1991-இன் மூலப் படத்தோடும் ஒவ்வொன்றாகச் சரிபார். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை எந்த வகையில் சேர்த்தாய்? தோப்பு நிறத்தில் இருக்கிறது. எது வயல், எது தோப்பு என்று கம்ப்யூட்டருக்குக் காட்டக் குறித்த பயிற்சிப் புள்ளிகளின் கோப்பை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரவி