ஆண்டறிக்கை: பழைய ராணுவ ரைபிள் பிரிவு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் பொது அறிக்கை ஆங்கிலத்தில் ஏற்கெனவே வந்துவிட்டது. பழைய ராணுவ ரைபிள் பிரிவில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருப்பதால், பிரிவின் அறிக்கையைத் தமிழிலும் தரும்படி செயற்குழு கேட்டுக்கொண்டது. நிர்வாக விஷயங்கள் கொஞ்சம்தான். மழையால் தள்ளிப்போன ஒன்றைத் தவிர மேட்ச்கள் எல்லாம் குறித்த நாளில் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாகத் தருகிறார். ஓஹையோவில் ஏரி ஈரி கரையில் இருக்கும் கேம்ப் பெர்ரிக்கு நம் ஆட்கள் இந்தக் கோடையிலும் போய்வந்தார்கள். 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கும் இடம் அது. இதுவரை போகாதவர்கள் ஒருமுறையாவது போய்வாருங்கள்.

மற்றபடி இந்த வருடம் ரேஞ்சில் ஓயாமல் பேசப்பட்டது ஒரே விஷயம்: ராணுவ உபரித் தோட்டா நல்லதா, நாமே கையால் நிரப்பும் தோட்டா நல்லதா?

கேள்வி சூடானதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க ராணுவத்தின் பழைய ரைபிளான எம்1 கேரண்ட் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதைப் பொதுமக்களுக்கு ராணுவ உபரி விற்கும் சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம் வழியாக வாங்கியவர்கள். அதே இடத்தில் விற்ற கிரேக்க நாட்டு எச்.எக்ஸ்.பி. தோட்டாவைத்தான் பல வருடங்களாகச் சுட்டு வந்தோம். துருப்பிடிக்க வைக்காத பிரைமர் (தோட்டாவின் அடியில் இருந்து தீ மூட்டும் சிறு மூடி), மறுபடி நிரப்ப உதவும் நல்ல பித்தளைக் கேஸ், நியாயமான விலை என்று எல்லாம் அதில் இருந்தது. இப்போது அந்தச் சரக்கு தீர்ந்துவிட்டது. வீட்டில் மிச்சமிருக்கும் பெட்டிகளைச் சுடுவதா, பூட்டி வைப்பதா என்று ஆளுக்கு ஒரு கருத்து.

வாய்ச்சண்டை போதும், சுட்டே பார்ப்போம் என்று செயற்குழு முடிவு செய்தது. ஒரே ரைபிள், ஒரே ஆள், ஒரே நாள், ஒவ்வொரு வகைத் தோட்டாவிலும் பத்துப் பத்து முறை சுட வேண்டும். மூன்று குண்டு குரூப்பை, அதாவது தாளில் மூன்று குண்டுகள் விழும் கூட்டத்தின் அளவை, ஏற்பதில்லை என்றதில் சிலருக்கு வருத்தம். ஆனால் மூன்று குண்டுகள் தற்செயலாக ஒட்டி விழுவது சர்வ சாதாரணம். அதே தோட்டாவில் இன்னும் ஏழு போட்டால் குரூப் விரியும். பத்துக் குண்டில் தெரிவதுதான் ரைபிளின் குணம். இந்த விதியை இனி மாற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கேரண்டில் எச்.எக்ஸ்.பி. நாங்கள் நினைத்ததைவிட நன்றாகவே நின்றது. 200 யார்டு இலக்கில் பத்துப் புள்ளி வளையம் 7 அங்குலம், நடுவில் எக்ஸ் வளையம் 3 அங்குலம். சைட் சரியாக இருந்து தோட்டா அந்த 7 அங்குலத்துக்குள் குரூப் போட்டால், புள்ளி போவதற்குத் தோட்டாவைக் குறை சொல்ல முடியாது. போட்டிக்கென்றே செய்த மேட்ச் குண்டு வைத்துக் கையால் நிரப்பிய தோட்டா பெஞ்சில் வைத்துச் சுட்டபோது தெளிவாகவே குரூப்பைச் சுருக்கியது. படுத்துச் சுட்டபோது எக்ஸ் எண்ணிக்கை கூடியது. நின்று சுட்டபோது இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அங்கே ஆடியது நம் கைதான். புதிதாகச் சேர்ந்தவர்கள் நிரப்பும் மெஷின் வாங்கும் முன் நின்று சுடப் பழக வேண்டும் என்று நான் சொல்லிவருவது இதனால்தான்.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு குண்டிலிருந்து. கேரண்டுக்கான ராணுவத் தோட்டாவான எம்2 பாலின் சுமார் 150 கிரெயின் எடையுள்ள தட்டை அடிக் குண்டு, யுத்தத்துக்காகக் கோடிக்கணக்கில் அச்சடித்தது. குண்டின் மேலுறையான ஜாக்கெட்டின் தடிமன் ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால், சுழலும்போது குண்டு விலகிப் போகும். பழைய போட்டியாளர்கள் ராணுவத் தோட்டாவிலிருந்து குண்டை மட்டும் உருவிவிட்டு, வெடிமருந்தைச் சற்றுக் குறைத்து, மேட்ச் குண்டை வைத்துச் சுடுவார்கள். கேஸ் அதே, பிரைமர் அதே, மருந்தும் அதே வகை. குரூப் மட்டும் சுருங்கும். இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். இன்னொன்று, ஈரம் புகாமல் இருக்க ராணுவத் தோட்டாவின் கழுத்தில் தார் போல ஒன்றைப் பூசுவார்கள். வருடங்கள் போகப்போக அது சில தோட்டாக்களில் இறுகிப் பிடிக்கும், சிலவற்றில் பிடிக்காது. வேகமும் அதற்கேற்ப மாறும்.

சரி, உபரி என்றாலே மட்டமா? கே31 என்ற சுவிஸ் ரைபிள் வைத்திருக்கும் நம் மூத்த உறுப்பினர் அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். சுவிஸ் ராணுவத்தின் ஜி.பி.11 தோட்டா, 174 கிரெயின் படகு வால் குண்டு. ஊர்தோறும் 300 மீட்டரில் சுட்டுப் பழகும் நாட்டின் தோட்டா அது. கவனமாக நிரப்பிய தோட்டாக்கள் பல அதன் பக்கத்தில் வந்தன. தாண்டியதாகச் சொல்ல முடியாது. ஆனால் அதன் கேஸ் பெர்டான் வகை, பிரைமர் தீ இரண்டு சிறு துளைகள் வழியே போகும். சுட்ட கேஸை அழுத்தி அளவுக்குக் கொண்டுவரும் அச்சான நம் டையின் ஊசி அதில் முறிந்துவிடும். சுட்ட கேஸை எடுத்து வைப்பதில் பயனில்லை.

நாட்டில் என்.சி.சி.யில் .303 சுட்டவர்கள் நம்மில் பலர். அந்தப் பாசத்தில்தான் லீ-என்ஃபீல்டு வாங்கியிருக்கிறோம். அங்கே கையால் நிரப்பியதே வென்றது, சந்தேகமே இல்லை. இந்த ரைபிள்களில் குழலின் உள்ளளவு ஒன்றுக்கு ஒன்று மாறும். முதலில் குழலை அளந்து, அதற்குத் தகுந்த விட்டத்தில் குண்டு வாங்கினால் பாதி வேலை முடிந்தது. தோட்டா உட்காரும் சேம்பர் தாராளமாக இருப்பதால், சுட்ட கேஸை ஒவ்வொரு முறையும் முழுதாக டையில் அழுத்தினால் அடிப்பக்கம் மெலிந்து இரண்டாகப் பிரியும். கழுத்தை மட்டும் அளவு செய்யுங்கள், கேஸ் பல சுற்று உழைக்கும்.

ஒரு சம்பவத்தைப் பதிவு செய்ய வேண்டும். பழைய .303 தோட்டா ஒன்று, டிரிகர் இழுத்துச் சற்றுத் தாமதமாக வெடித்தது. சுட்டவர் ரைபிளை அசைக்காமல் இலக்கை நோக்கியே பிடித்திருந்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அந்தத் தயாரிப்புத் தொகுதியை (லாட்) ரேஞ்சிலிருந்து விலக்கிவிட்டோம். தோட்டா வெடிக்கவில்லை என்றால் முப்பது விநாடி அப்படியே பிடித்திருந்து, பிறகுதான் போல்ட்டைத் திறக்க வேண்டும். குழந்தைகளை ரேஞ்சுக்கு அழைத்து வரும் பெற்றோர் இதை முதல் பாடமாகவே சொல்லிக் கொடுங்கள்.

ரஷ்ய ரைபிளான மோசின்-நாகண்ட் வைத்திருக்கும் நண்பர்களுக்கு: உங்கள் பெட்டித் தோட்டாக்களின் பிரைமர் உப்பு விடும். அந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அன்றே குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அப்புறம் எண்ணெய் போடுங்கள். காந்தம் ஒட்டும் குண்டுகளுக்கு நம் ரேஞ்சில் அனுமதி இல்லை.

கேரண்டுக்கு நிரப்பத் தொடங்கியிருப்பவர்களுக்கு இதைவிட அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. போல்ட் ரைபிளுக்கு ஒத்துப்போகும் மெதுவாக எரியும் மருந்து கேரண்டுக்கு ஒத்துவராது. குழலிலுள்ள வாயுத் துளையில் அழுத்தம் கூடி, போல்ட்டைப் பின்னே தள்ளும் ஆபரேட்டிங் ராடு வளையும். ஐ.எம்.ஆர். 4895 என்ற மருந்தின் எரியும் வேகத்தை ஒட்டிய மருந்து போதும், அளவு அச்சிட்ட கையேட்டில் கேரண்டுக்கென்றே தனியாகத் தந்திருப்பது மட்டும். ஃபயரிங் பின் தளர்வாக இருப்பதால் போல்ட் மூடும்போதே பிரைமரை லேசாகத் தட்டும், பிரைமர் துருத்தியிருந்தால் அப்போதே வெடிக்கலாம். பிரைமர் கேஸின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். ராணுவக் கேஸில் பிரைமர் குழியின் கிரிம்பை (பிரைமரை இறுக்கிப் பிடிக்க அழுத்திய விளிம்பு) நீக்காமல் புது பிரைமரை அழுத்தவே கூடாது.

வரும் வருடம் குளிர்காலத்தில் நிரப்பும் வகுப்பு நடத்த செயற்குழு ஒப்புதல் தந்திருக்கிறது. பிரைமரை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளும் யோசனை பொதுக்குழுவின் முடிவுக்கு வருகிறது. ரேஞ்ச் அறையில் ஒரு நோட்டு வைக்கப்படும்: ரைபிள், தோட்டாவின் லாட் எண், பத்துக் குண்டு குரூப்பின் அளவு மூன்றையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். மீதமிருக்கும் எச்.எக்ஸ்.பி.யைப் பற்றி என் பரிந்துரை இது: மேட்ச்சுக்கும் பயிற்சிக்கும் தாராளமாகச் சுடுங்கள், கேஸை மட்டும் பொறுக்கி எடுத்து வையுங்கள். அடுத்த பல வருடங்களுக்கு நாம் நிரப்பப்போவது அந்தக் கேஸ்களில்தான்.

பெஞ்சும், குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபும் தந்து உதவிய உறுப்பினர்களுக்கும், வெயிலில் நின்று இலக்குத் தாள் மாற்றிய இளைஞர்களுக்கும் நன்றி.

செயலாளர்