அத்தை, அன்றைக்கு நான் தூங்கவில்லை

அத்தை,

நாளை மறுநாள் உங்கள் முதல் திதி. இலை போடுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். நாத்தனார் இருவரும் இங்கே படிப்பார்கள் என்பதால், கல்யாண மண்டபத்தில் உங்களை நான் என்ன கேட்டேன் என்று எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும்.

பெரியவனுக்கு எட்டு மாசம். கரண்ட் போன ராத்திரி. மூக்கடைத்து, நெஞ்சு கர் கர் என்று இழுத்து, பால் குடிக்க முடியாமல் மூன்றாவது நாளாக அழுதுகொண்டிருந்தான். போன மாசம் மிச்சமான ஆன்டிபயாடிக் சிரப்பை அலமாரி மேலிருந்து எடுத்தீர்கள். அடியில் ரோஸ் கலரில் வண்டல் கட்டியிருந்தது. செல்போன் வெளிச்சத்தில் அதைக் குலுக்கி, மூடியில் அளந்து, பாலாடையில் ஊற்றி, அவன் கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டீர்கள். அப்புறம் விடியும்வரை தோளில் போட்டுக்கொண்டு நடந்தீர்கள்.

பொடியில் தண்ணீர் விட்டுக் கலக்கிய மருந்து ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் ஆகாது, சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, இந்த மருந்து அதைத் தொடவே தொடாது. இதையெல்லாம் டாக்டர் என்னிடம்தான் சொல்லியிருந்தார், உங்களிடம் இல்லை. நான் பாயில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். அவன் தூங்கினால் போதும் என்றிருந்தது.

நாலு வயசில் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்ததும், "அந்த ஆன்டிபயாடிக்காலதான் வந்துச்சு, அத்தை எனக்குத் தெரியாம குடுத்துட்டாங்க" என்று எல்லோரிடமும் சொன்னேன்.

தேடித் தேடிப் படித்தேன். குடலில் வாழும் நல்ல பாக்டீரியா முதல் வருஷத்தில் குழந்தையின் எதிர்ப்புச் சக்தியைப் பக்குவப்படுத்துகிறது, ஆன்டிபயாடிக் அதையும் சேர்த்து அழிக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2000-லிருந்து 2014-க்குள் கைக்குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் எழுதுவது பாதிக்கும் கீழே போனது. சின்னக் குழந்தைகளுக்குப் புதிதாக ஆஸ்துமா வருவதும் 26 சதவீதம் குறைந்தது. இதைப் பிரிண்ட் எடுத்து உங்கள் முன்னால் வைத்தேனே.

2014-ல் வந்த ஸ்வீடன் ஆய்வை மட்டும் படித்துக் காட்டவில்லை. கிட்டத்தட்ட 5 லட்சம் குழந்தைகள். கூடப்பிறந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, தோல், சிறுநீர்த் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிள்ளைகளிடம் ஆஸ்துமாத் தொடர்பே காணாமல் போனது. மூச்சுத் தொற்றுக்குச் சாப்பிட்டவர்களிடம்தான் மிஞ்சியது. அப்படியென்றால் மருந்தால் இழுப்பு வந்ததா, வந்துவிட்ட இழுப்பைச் சளி என்று நினைத்து மருந்து கொடுத்தோமா? அந்த ராத்திரி கர் கர் என்றதே ஆஸ்துமாவாக இருந்திருக்கலாம், நீங்கள் பாட்டிலைத் தொடுவதற்கு முன்பே.

என்னை மன்னித்துவிடுங்கள்.

ஆனாலும் சின்னவளுக்குச் சளி பிடித்தபோது, சீட்டே இல்லாமல் மெடிக்கலில் அதே சிரப்பை வாங்கி வந்தீர்களே! நான் பிடுங்கி வைத்ததற்கு, "நாலு புள்ள வளத்தவ நான்" என்று நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது தப்புதான் அத்தை. இப்போதும் சொல்வேன்.

இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர் குழாயை அவன் முகத்தில் வைத்துப் பத்து மூச்சு எண்ணியதும் நீங்கள்தான். இப்போது தானே எடுத்துக்கொள்கிறான். அப்பாயி எண்ணிய மாதிரியே விரலை மடக்கி மடக்கி எண்ணுகிறான்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். பாலாடையைக் கீழே வைத்ததும், வெளிச்சம் என் முகத்தில் படாமல் செல்போனைக் கவிழ்த்தீர்கள். நான் முழித்திருந்தது தெரியுமா? தெரிந்திருந்தால் மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால், "நீயும்தானே பாத்துக்கிட்டிருந்த" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஏன் கேட்கவில்லை?