பலகடுவ இறங்க முதல்

யாழ்ப்பாணம்

அன்பின் மச்சான்,

மாதக்கணக்காய்ப் பதில் போடேல்லை எண்டு ஏசுவாய். ஏசு, ஆனால் கடிதத்தை முழுக்க வாசிச்சுப்போட்டு ஏசு. இஞ்சை எல்லாரும் சுகம். மழை பிந்திப்போச்சு. பெரியண்ணைக்குக் கண் ஒப்பறேசன் முடிஞ்சுது. இப்ப ஊரிலை உள்ள குற்றம் குறையெல்லாம் அவருக்கு இன்னும் வடிவாத் தெரியுது.

நீ வாங்கி, கண்டியிலையிருந்து இஞ்சை ஓட்டிக்கொண்டு வரப்போற லொறியெண்டு அனுப்பின படங்களைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தன். பெட்போர்ட் கியூஎல்தான், சந்தேகமில்லை. 1941 தொடக்கம் 1945 மட்டும் செய்த, நாலு சில்லும் இழுக்கிற மூண்டு தொன் பட்டாள லொறி. சாரதி எஞ்சினோடை ஒட்டி முன்னுக்குக் குந்தியிருக்கிறபடியால் முகம் சப்பட்டை. கட்டையர் பார்த்த உடனை, "சோடிப் பொருத்தம் நல்லாயிருக்கு, இரண்டுக்கும் மூக்கில்லை" எண்டார். பாராட்டு இவ்வளவும்தான்.

மூண்டாவது படத்தோடை எனக்கு நித்திரை போச்சு. பழைய மூண்டரை லீற்றர் ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின் அதிலை இல்லை. ஆரோ ஜப்பான் டீசலை இறக்கியிருக்கினம். அதைப் பிழை எண்டு சொல்லேல்லை. 72 குதிரைவலுவைத் தாறதுக்குப் பழைய எஞ்சின் குடிக்கிற குடியை ஒரு தவறணையும் தாங்காது. ஆனால் உந்த லொறிக்குப் பிறேக் எண்ணெய்ப் பிறேக் எண்டாலும், மிதிக்குப் பலம் குடுக்கிறது வெற்றிட சேர்வோ. பெற்றோல் எஞ்சின் மூச்சிழுக்கேக்கை, காத்து உள்ளுக்குப் போற குழாயான மனிபோல்டிலை வெற்றிடம் வரும். சேர்வோ அதிலைதான் சீவிக்குது. டீசலுக்குக் காத்தை மறிக்கிற தட்டு இல்லை, ஆனபடியால் வெற்றிடமும் இல்லை. எஞ்சினை மாத்தினவன் ஒரு வெற்றிடப் பம்பும் பூட்டியிருக்க வேணும். படத்திலை என்னெண்டால், சேர்வோவிலையிருந்து வாற றபர் குழாய் சேசிஸ் ஓரத்திலை தொங்குது. முனையிலை ஒரு போல்ற்றைச் செருகிக் கிளிப் போட்டு இறுக்கியிருக்கு. தெரியாமல் விட்ட வேலையில்லை, தெரிஞ்சு செய்த வேலை.

"ஓடிப் பார்த்தன், நிக்குதே" எண்டு சொல்லுவாய். வெறும் லொறி, தட்டை றோட்டு, 30 கிலோமீற்றர் வேகம் எண்டால் எதுவும் நிக்கும். யாழ்ப்பாணத்திலை அரைப் பிறேக்கோடை ஆயுள் முழுக்க ஓடலாம், இறக்கமே இல்லாத ஊர். நீ வெளிக்கிடுறது கண்டியிலையிருந்து. ஏ9 றோட்டு முழு நீளமும், 320 கிலோமீற்றர் வரை ஓடவேணும். அதிலை தொடக்கத்திலையே மாத்தளைக்கு இறங்குற பலகடுவ மலையிறக்கம். சேர்வோ இல்லாட்டி முழுப் பாரமும் உன்ரை காலிலை. பாதி இறக்கத்திலை தொடை நடுங்கும், பிறேக் ட்றம் சூடேறும், அதை உரசிப் பிடிக்கிற லைனிங் பிடியை விடும். அதோடை உது ஒற்றைச் சுற்றுப் பிறேக்: ஒரு குழாய் வெடிச்சால் நாலு சில்லுக்கும் சேர்த்துப் போச்சு.

எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு மிதியை ஐஞ்சாறு தரம் மிதி. கல்லு மாதிரி இறுகும். காலை எடுக்காமல் ஸ்ராட் பண்ணு. மிதி கொஞ்சம் கீழை போனால் சேர்வோவுக்கு உயிர் இருக்கு. உன்ரையது போகாது, பந்தயம் பிடிப்பம். மருந்து பெரிசில்லை. கனக்க ஜப்பான் டீசல் லொறியளுக்கு பற்றறியை ஏத்துற ஒல்ரனேற்றரின்ரை பின்பக்கத்திலை வெற்றிடப் பம்ப் சேர்ந்தே வரும். அதுக்கு எஞ்சின் எண்ணெய் போக ஒரு சின்னக் குழாய், எஞ்சின் அடியிலை எண்ணெய் நிக்கிற சம்புக்குத் திரும்ப ஒரு பெரிய குழாய். திரும்புற குழாய் ஒடுங்கிச்சுதெண்டால் எண்ணெய் தேங்கி சேர்வோப் பக்கம் போய் றபரைத் தின்னும். நடுவிலை ஒருவழி வால்வும் வெற்றிடச் சேமிப்புத் தாங்கியும் வை. சாரதிக்கு முன்னாலை ஒரு வெற்றிட மீற்றர் பூட்டு, பாதரச அளவிலை 20 அங்குலத்துக்குக் கிட்ட நிக்கவேணும். எஞ்சின் நிண்டாப் பிறகும் இரண்டு மூண்டு மிதிக்குப் பலம் மிஞ்சவேணும்; மிஞ்சாட்டி வால்வு ஒழுகுது.

இறக்கம் தொடங்க முதலே கியரை இறக்கிப்போடு. பழைய கியர்ப் பெட்டி, நடு இறக்கத்திலை கழட்டினால் திருப்பி விழாது. முன் சில்லுக்கும் இழுவை குடுக்கிற முன் அச்சைத் தார் றோட்டிலை பூட்டாதை, வளைவிலை பெட்டியும் சாவ்ற்றும் முறுகும். அதை மணற்காட்டு மணலுக்கு வைச்சிரு.

இதிலை பகிடி இல்லை, கவனமாய்க் கேள். சில்லு இரண்டு பாதியைப் போல்ற்றாலை சேர்த்தது. உள்வட்ட நட்டுகள் சில்லைக் கழட்ட. வெளிவட்டம் றிம்மின்ரை இரண்டு பாதியையும் பிடிச்சிருக்கிறது. பட்டாளத்திலை அதுக்குச் சிவப்புப் பூசுவினம். உனக்கு வித்தவன் வடிவுக்கெண்டு எல்லாத்துக்கும் கறுப்பு அடிச்சிருக்கிறான். காத்து இருக்கேக்கை வெளிவட்டத்தைக் கழட்டினால் றிம் பறந்து ஆளைக் கொல்லும். ரயர் ஒட்டுற பெடியன் வழியிலை இதை அறிஞ்சிருப்பான் எண்டு நினையாதை. வால்வு ஊசியைக் கழட்டி, ஓட்டைக்குள்ளை கம்பி விட்டு, காத்து முழுக்கப் போனதெண்டு பார்த்தாப் பிறகுதான் ஸ்பனர். நாளைக்கே சிவப்பு வாங்கிப் பூசு.

இஞ்சை வந்தாப் பிறகு றேடியேற்றருக்குக் கிணத்துத் தண்ணி விடாதை. அம்மான்ரை கேத்திலுக்குள்ளை பார்த்திருப்பாய், அந்த வெள்ளைச் சுண்ணாம்பு அப்பிடியே குழாய்க்குள்ளை படியும். மழை வரட்டும், உனக்கெண்டு ஒரு பரல் பிடிச்சு வைக்கிறன்.

நீ முதல்லை அந்தக் குழாய் முனையைக் கிட்ட வைச்சு ஒரு படம் எடுத்து அனுப்பு. அதுவரைக்கும் லொறித் திறப்பு மனிசியிட்டை இருக்கட்டும்.

அன்புடன்,
உன்ரை பழைய பின் வாங்கு