இரட்டையர் டென்னிஸுக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். இரட்டையர் ஆட்டத்தையே முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொண்ட தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களோடு வேலை செய்யும் பயிற்சியாளர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. பரிசளிப்பு மேடையில் மைக் கைக்கு வந்தால் ஸ்பான்சர், சங்கம், பெற்றோர் என்று சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். அங்கே பெயர் வராதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

முதல் நன்றி கிளப் மார்க்கர்களுக்கு, அதாவது மெம்பர்களோடு ஆடுவதற்கென்றே கிளப்பில் வேலை செய்பவர்களுக்கு. காலையும் மாலையும் மெம்பர்களோடு ஆடிவிட்டு, நடுவில் கிடைக்கும் ஓய்வு நேரத்தில் எங்கள் ஆட்டக்காரர்களுக்கு எதிரே வந்து நின்றீர்கள். ஒற்றையருக்கு எதிரில் ஓர் ஆள் இருந்தால் பயிற்சி நடந்துவிடும். இரட்டையருக்கு நான்கு பேர் வேண்டும். ஜோடி சேர்ந்த இருவரும் ஒரே ஊரில் இருப்பதே அபூர்வம் என்பதால், பல நாட்களில் மூன்று இடம் காலி. அதை நிரப்பியது நீங்கள்.

ரிட்டர்ன், அதாவது எதிராளியின் சர்வைத் திருப்பி அடிக்கும் பயிற்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சர்வைத் தினமும் போட இங்கே ஆள் கிடையாது. அதனால் கோர்ட்டின் கடைசிக் கோடான பேஸ்லைனிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே வந்து போட்டீர்கள். பந்து வந்துசேரும் நேரம் குறைந்து, கிட்டத்தட்ட அதே அவசரம் கிடைத்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு. கிட்டே இருந்து போடும் பந்து செங்குத்தாக இறங்கும், எழும்பும் விதம் மாறிவிடும். அதைச் சரிக்கட்ட, ஸ்பின்னைக் குறைத்துத் தட்டையாக, சர்வீஸ் பெட்டியின் கடைசி ஓரடிக்குள் விழும்படி போட்டீர்கள். அப்படிப் போட்டால்தான் திருப்பும் பந்தைத் தாழ்வாக, சர்வ் போட்டவரின் காலடியில் இறக்கப் பழக முடியும். இரட்டையரில் ஓரடி உயரமாகப் போன ரிட்டர்ன், நெட்டில் நிற்பவருக்கு நாமே கொடுக்கும் பாயிண்ட்.

ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் கட்டுபவர்களே, உங்கள் கடன் எளிதில் தீராது. பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் ஆடாமல் சும்மா இருந்தாலே இழுவிசையை இழக்கும். முதல் நாளிலேயே அதிகம் இழக்கும். ஆகவே ஆட்டத்தன்று காலையில் கட்டுவதுதான் சரி. ஆனால் இரட்டையர் ஆட்டம் எப்போது தொடங்கும் என்று யாருக்குத் தெரியும்? அட்டவணையில் 'ஒற்றையர் முடிந்த பிறகு' என்றுதான் போட்டிருக்கும். மூன்று செட் இழுத்தால் மாலை ஐந்து மணி, ஒருவர் காயத்தால் விலகினால் மதியம் ஒரு மணி. அந்தக் குழப்பத்துக்கு நடுவில் ஒரே ஆளுக்கு இரண்டு விதமாகக் கட்டிக்கொடுத்தீர்கள்: புதுப் பந்துக்கு 52 பவுண்டு இழுவிசை, பந்து உப்பிக் கனத்த பிறகு எடுக்க 50 பவுண்டு. பந்து முதலில் 7 கேமுக்குப் பிறகும், அதன்பின் 9 கேமுக்கு ஒருமுறையும் மாறும் என்பதால், எந்த ராக்கெட்டை எப்போது உறையிலிருந்து எடுப்பது என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும்.

உங்களிடமிருந்து கற்ற இன்னொன்றை இளையவர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறோம். ஸ்ட்ரிங் நடுவில் அறுந்தால் அது தேய்மானம், புதிதாகக் கட்டினால் போதும். ராக்கெட் சட்டத்தின் ஓரத்தில் அறுந்தால், ஸ்ட்ரிங் நுழையும் துளையில் இருக்கும் கிரோமெட் என்ற பிளாஸ்டிக் உறை வெடித்திருக்கலாம். அப்படியானால் சட்டத்தின் கூர்மையான விளிம்பு ஸ்ட்ரிங்கை வெட்டுகிறது. கிரோமெட்டை மாற்றாமல் எத்தனை முறை கட்டினாலும் அதே இடத்தில்தான் அறுக்கும். காரின் டிக்கியில் ராக்கெட்டைப் போட்டு வெயிலில் நிறுத்துபவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் திட்டும் நியாயமானதே.

சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள எஸ்டிஏடி (தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்) டென்னிஸ் அரங்கம் உள்ளிட்ட இடங்களில் கோர்ட்டைப் பராமரிக்கும் ஊழியர்களுக்கும் நன்றி. ஒற்றையர் முடிந்து இரட்டையர் தொடங்கும் அந்தச் சில நிமிடங்களில் நீங்கள் செய்வதைப் பார்வையாளர்கள் கவனிப்பதில்லை. ஒற்றையர் ஆட்டத்துக்காக நெட்டைத் தாங்கும் இரண்டு குச்சிகளையும் எடுத்தாக வேண்டும். மறந்துவிட்டால் அந்த இடத்தில் நெட் சுமார் 3 சென்டிமீட்டர் கூடுதல் உயரத்தில் நிற்கும். இருபுறமும் உள்ள 1.37 மீட்டர் அகலப் பக்கவாட்டுப் பாதை வழியாகத்தான் நெட்டில் நிற்பவரைத் தாண்டி அடிக்கிறோம். அந்த அடிக்கு 3 சென்டிமீட்டர் பெரிய வித்தியாசம். குச்சியை எடுத்ததும் நெட்டின் நடுப்பட்டையை மறுபடி அளந்து 91.4 சென்டிமீட்டருக்குக் கொண்டுவருவீர்கள். கேட்காமலே செய்தீர்கள்.

எதிர் ஜோடிகளின் ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்துக் கொடுத்த கல்லூரி மாணவர்களுக்கு அடுத்த நன்றி. 2006 முதல் ஏடிபி (ஆடவர் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) இரட்டையர் ஆட்டங்களில் 40-40 வந்தால் ஒரே பாயிண்ட்டில் கேம் முடிந்துவிடும். செட் 1-1 என்றால் மூன்றாவது செட்டுக்குப் பதில் முதலில் 10 பாயிண்ட் எடுப்பவர் வெல்லும் மேட்ச் டை-பிரேக். கிராண்ட்ஸ்லாம் ஆடவர் இரட்டையரில் மட்டும் முழு மூன்றாவது செட் உண்டு. 2024 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோவில் தமிழ்நாட்டின் ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் முதல் செட்டை 4-6 என்று விட்டுவிட்டு, இரண்டாவதை டை-பிரேக்கில் பிடித்து, மேட்ச் டை-பிரேக்கை 10-7 என்று எடுத்து ஏடிபி பட்டத்தை வென்றார்கள். இந்த முறையில் ஓர் ஆட்டம் திரும்புவதற்கு நான்கைந்து பாயிண்ட் போதும்.

அதனால்தான் உங்கள் குறிப்புத் தாளுக்கு அத்தனை மதிப்பு. 40-40இல் எந்தப் பக்கம் சர்வை வாங்குவது என்று தீர்மானிப்பது அதை வாங்கும் ஜோடி. ஆனால் தாங்கள் நிற்கும் பக்கத்தை அவர்கள் மாற்றிக்கொள்ள முடியாது. எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள், சர்வ் வெளிக்கோட்டுக்குப் போனதா உடம்புக்கா நடுக்கோட்டுக்கா, நெட்டில் நின்றவர் குறுக்கே பாய்ந்தாரா இல்லையா என்று ஒவ்வொன்றையும் எழுதிக் கொடுத்தீர்கள். முதல் சர்வையும் இரண்டாவது சர்வையும் சேர்த்து எழுதிவிட்டால் தாள் வீண். ஒரே ஆள் இரண்டிலும் வேறு வேறு இடத்தில் போடுவார். ஒரே ஓர் ஆட்டத்தின் தாளை வைத்து முடிவெடுப்பதும் ஆபத்து. இவை இரண்டையும் நீங்களே கண்டுபிடித்துத் திருத்தினீர்கள்.

போட்டி அலுவலகத்தில் பெயர்ப்பதிவைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு நாங்கள் தந்த தொல்லை அதிகம். ஏடிபி தொடருக்கு அடுத்த நிலையான சாலஞ்சர் போட்டியில் 16 ஜோடிக்குத்தான் இடம். இருவரின் தரவரிசையையும் கூட்டி, கூட்டுத்தொகை குறைந்தவர்களை உள்ளே எடுப்பார்கள். ஒருவர் காலை முறுக்கிக்கொண்டால் நன்றாக இருக்கும் மற்றவருக்கும் வாரம் போச்சு. கடைசி நேரத்தில் புது ஜோடி தேடி அலைந்தபோது காத்திருப்போர் பட்டியல் எங்கே நிற்கிறது, பதிவு எத்தனை மணிக்கு மூடும் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். தங்கள் ஒற்றையர் ஆட்டத்துக்கு நடுவிலும் ஜோடி சேர ஒப்புக்கொண்டவர்களுக்கும், பிரியும்போது கசப்பில்லாமல் பிரிந்த பழைய ஜோடிகளுக்கும் இதே நன்றி. வெளியூரில் வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்ட குடும்பங்களை மறக்க முடியுமா? பட்டியலில் இருக்கும் பரிசுத்தொகை ஜோடிக்கானது. அதைப் பாதியாக்கி, அந்த நாட்டு வரியையும் விமான டிக்கெட்டையும் கழித்தால், முதல் சுற்றில் தோற்றவரிடம் ஓட்டல் அறைக்குப் பணம் மிஞ்சாது.

பிசியோக்களுக்குச் சுருக்கமாகவே சொல்கிறோம். நீண்ட புகழ்ச்சி உங்களுக்குப் பிடிக்காது. தாழ்வாக வரும் பந்தைத் தரையில் படுமுன் அடிக்கும் வாலிக்கு இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்க வைத்ததும், தோள்பட்டையின் பின்தசைக்கு ரப்பர் பட்டைப் பயிற்சியை நிறுத்தவிடாமல் பார்த்துக்கொண்டதும் நீங்கள்.

ரோகன் போபண்ணாவுக்குத் தனியாக ஒரு வரி. 2024 ஜனவரியில் மேத்யூ எப்டனுடன் ஆஸ்திரேலிய ஓபனை வென்று, 43 வயதில் இரட்டையர் தரவரிசையின் முதலிடத்துக்கு வந்தவர். தேய்ந்த முழங்காலோடு ஆட ஐயங்கார் யோகா உதவியதை வெளிப்படையாகச் சொன்னவர். அதற்கெல்லாம் மேலாக, இந்திய இரட்டையர் ஆட்டக்காரர்களுக்கென்று 'டபுள்ஸ் ட்ரீம் ஆஃப் இந்தியா' திட்டத்தைத் தொடங்கி வழி காட்டியதற்கு நன்றி, ரோகன் சார்.

மார்க்கர்களுக்கும் ஸ்ட்ரிங் கட்டியவர்களுக்கும் இந்த சீசனில் ஏதேனும் பாக்கி இருந்தால், கூச்சப்படாமல் பில்லை அந்தந்தப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிடுங்கள். மாணவர்களின் தாள்களை ஆட்டக்காரர் வாரியாக அடுக்கி வைத்திருக்கிறோம். அடுத்த சீசனுக்குக் குறிப்பெடுக்க வருபவர்கள் அவற்றைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

நன்றியுடன்,
இரட்டையர் பயிற்சியாளர்கள்