சாப்பிட்டுவிட்டு வாசி

அன்புள்ள கண்ணா,

இங்கு எல்லோரும் நலம். அப்பாவின் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. நீ பேசி இரண்டு மாதம் ஆகப்போகிறது. உனக்கு வேலை அதிகம் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வெறும் வயிற்றில் சாக்ஸபோன் ஊதாதே, சாப்பிட்டுவிட்டு வாசி.

உன் அலமாரியில் இருக்கும் ஜாஸ் புத்தகங்களை எடுத்துப் படிக்கிறேன். சிரிக்காதே. 1955-இல் உன்னைப்போல சாக்ஸபோன் வாசித்த சார்லி பார்க்கர் இறந்தபோது வயது 34தான். உடலைப் பார்த்த டாக்டர் ஐம்பதைத் தாண்டியவர் என்று நினைத்தாராம். அந்தப் பக்கத்தை அப்பாவிடம் காட்டவில்லை. வரும் மாதம் உனக்கும் 34.

போகட்டும். நீ வாசித்த வீடியோவை அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். இவன் எங்கே மூச்சு எடுக்கிறான் என்றே தெரியவில்லையே என்றாள். எனக்குத் தெரியும். அத்தனை பேர் முன்னால் அவ்வளவு நேரம் ஊதுகிறவனுக்கு அம்மாவிடம் ஒரு வார்த்தை பேச மூச்சு இல்லையா?

மேடை அலுத்துவிட்டால் கொஞ்ச நாள் விடேன். சன்னி ராலின்ஸ் நல்ல பேரோடு இருந்தபோதே 1959-இல் கச்சேரியை நிறுத்தினார். 1961 வரை நியூயார்க்கில் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் நின்று தனியாக வாசித்தார். பக்கத்து வீட்டில் ஒரு கர்ப்பிணி இருந்தாளாம், அவளுக்குத் தொந்தரவு வேண்டாமென்று. யாரும் அவரை மறந்துவிடவில்லை. இன்னொரு சாக்ஸபோன்காரர் கோல்ட்ரேனை 1957-இல் டிரம்பெட் வாசித்த மைல்ஸ் டேவிஸ் தன் குழுவிலிருந்து அனுப்பிவிட்டார். ஹெராயின். பிலடெல்பியாவில் அம்மா இருந்த வீட்டுக்குப் போய்த்தான் அதை விட்டார். அதே வருடம் பியானோ வாசிக்கும் மாங்க்கோடு நியூயார்க்கில் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் வாசித்தார். அந்த அம்மா என்ன கேட்டாள், எதைக் கேட்காமல் விட்டாள் என்று உன் புத்தகத்தில் தேடினேன். இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. சொல்லிவிட்டேனோ?

கண்ணா, அன்று ராத்திரி சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. கேட்கவில்லை, கேட்கவில்லை என்று கத்திவிட்டு வைத்தேனே, எல்லாம் கேட்டது. உன் நாக்குக் குழறியது கேட்டது. “வைக்காதே அம்மா” என்றதும் கேட்டது. பெரியப்பா கடைசியாக வந்து கதவைத் தட்டியபோது விளக்கை அணைத்தவள் நான்தான். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், இன்றுவரை அவருக்குத் தெரியாது. உன்னிடமும் அதையே செய்தேன்.

மாடி அறைச் சாவி பழைய இடத்தில் இருக்கிறது. எந்த நேரத்திலும் வா, எப்படி இருந்தாலும் வா. ராத்திரி முழுக்க வாசி. பக்கத்து வீட்டில் கர்ப்பிணி யாரும் இல்லை.

அம்மா