தவக்கால உண்டியலை எண்ணுவது எப்படி?

ஆசிரியருக்கு,

கத்தோலிக்கப் பள்ளிகளில் தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) தொடங்கியதும், தானத்துக்குக் காசு சேர்க்கப் பிள்ளைகளிடம் அட்டை உண்டியல் கொடுப்பது வழக்கம். நல்ல பழக்கம்தான். ஆனால் யார் எவ்வளவு போட்டார்கள் என்று வகுப்பில் வாசிக்கக் கூடாது. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்ற மத்தேயு 6-ஆம் அதிகாரம்தானே தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனன்று வாசிக்கும் நற்செய்தி!

உண்டியலில் வகுப்பு எண் மட்டும் போதும். திரும்பி வந்த அன்றே இரண்டு ஆசிரியர்களும் ஒரு பெற்றோரும் சேர்ந்து உடைத்து எண்ணி, பதிவேட்டில் மூவரும் கையெழுத்திட வேண்டும். பீரோவில் ஒரு வாரம் கிடந்தால் கணக்கு உதைக்கும், பிறகு வீண் பேச்சு. சில்லறையை மதிப்புவாரியாகப் பிரித்து, நூறு நூறாகப் பாலித்தீன் பையில் கட்டினால் வங்கியில் தாமதம் குறையும். நன்கொடைக்கு வருமான வரிவிலக்கு (80ஜி) கேட்கும் பெற்றோரிடம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை கிடையாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

புயல் நிவாரணம் வேறு கதை. 2011 ‘தானே’ புயல், 2024 ‘ஃபெஞ்சல்’ புயல் இரண்டையும் பார்த்த ஊர்கள் நம்முடையவை. பழைய துணி குவிந்தால் பிரிக்கவே ஆள் போதாது. ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். நோட்டுப் புத்தகம், சீருடைத் துணி, பாய், போர்வை என்று பாதிக்கப்பட்ட தெருவில் கேட்டு எழுதிய பட்டியலை வைத்தே திரட்டுங்கள்.

– பள்ளிப் பணியாளர்கள் சிலர்,
கடலூர்.